காலியாக இருந்த பன்னிரண்டாம் தொட்டில்

2024 மார்ச் 19ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, வட்டகொடைக்கு மேலே உள்ள எமது தோட்டத்தின் முகாமைத்துவம், பிள்ளைக்காம்பராவில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரிந்துவந்த வீரம்மா என்பவருக்கு ஒரு குற்றப்பத்திரிகை வழங்கியது. அந்த முகாமைத்துவத்தின் மீது நான் சுமத்தும் குற்றம் இது: நிற்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு குழந்தையிடமிருந்து, அதன் கால்களை அறிந்திருந்த ஒரே ஊழியரை அகற்றியமை, அதற்கு ஒரு நிழற்படத்தைக் காரணம் காட்டியமை, அந்தப் படத்தில் இருப்பது என்னவென்று எவரிடமும் கேளாமை.

குழந்தை என் மகள் லோஜினி. நான் ஜீவராஜ், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறேன். இது தொடர்பாக முகாமைத்துவத்திற்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். மூன்றுக்கும் பதிவுத்தபால் பற்றுச்சீட்டு என்னிடம் உண்டு. பதில் இல்லை. ஆகவே வீரம்மா யார், அவர் செய்தது என்ன என்பதை அச்சில் எழுதிவைக்கிறேன்.

வீரம்மா 1971இல் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பிறந்தவர். பதினாறு வயதில் கொழுந்துக்கூடை தூக்கினார். 2013இல் மழைநாளொன்றில் சரிவில் விழுந்து வலது தோள் இறங்கியது. கூடை தூக்க முடியாத தோளால் குழந்தைகளைத் தூக்க முடியும் என்று கண்டறிந்த முகாமைத்துவம் அவரைப் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பியது. தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம் அது. வீரம்மாவின் நியமனக் கடிதத்தில் “மறு அறிவித்தல் வரை தற்காலிகமாக” என்று உள்ளது. மறு அறிவித்தல் வருவதற்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின. வந்தபோது அது குற்றப்பத்திரிகையாக வந்தது.

லோஜினி 2022 ஆகஸ்ட் 9ஆம் திகதி பிறந்தாள். பிறந்திருக்க வேண்டிய நாள் ஒக்டோபர் 25. பதினொரு வாரங்கள் முந்திவிட்டாள். நிறை ஆயிரத்து நூறு கிராம். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். கொழுந்து லொறியின் வாராந்த எரிபொருள் பங்கில் மிச்சம் இருந்ததால் என் மனைவி வினோதா நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த எரிபொருள் இதற்குச் செலவானதால் அந்த வாரம் கொழுந்து இரண்டு நாள் தொழிற்சாலைக்கு வராமல் மலையிலேயே வாடியது. இதை முகாமைத்துவத்தின் கருணைக்குச் சான்றாகக் குறிக்கிறேன். எனது கோப்பில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியுள்ளேன்.

அறுபத்து மூன்று நாட்கள் குழந்தை வைத்தியசாலையில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பிய அட்டையின் பின்புறத்தில், தலையை ஸ்கேன் செய்ததன் முடிவு ஆங்கிலத்தில் ஒன்றரை வரியில் இருந்தது. அதன் பொருள் என்ன என்று வாயிலில் நின்ற ஊழியரிடம் கேட்டேன். அவர் அட்டையைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்து, “பபா ஹொந்தாய்” என்று சிங்களத்தில் சொன்னார். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பொருள். நல்ல மனிதர். அந்த இரண்டு சொற்களை நம்பி ஆறு மாதங்களை நான் இழந்தேன்.

அடுத்து விடுமுறை. பிரசவ விடுமுறை பன்னிரண்டு வாரம். அதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆகவே நவம்பர் முதலாம் திகதி வினோதா காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. கருவில் உரிய காலம் இருந்திருந்தால் அன்று லோஜினி பிறந்து ஏழு நாட்கள் ஆகியிருக்கும். ஏழு நாள் சிசு ஒன்றைப் பிள்ளைக்காம்பராவில் சேர்க்க எந்தத் தோட்டமும் சம்மதிக்காது. லோஜினியைச் சேர்த்துக்கொண்டார்கள், பதிவேட்டின்படி அவளுக்கு மூன்று மாதம்.

2023 ஏப்ரலில் ஒரு மாலை, மகளை அழைத்துவரப் போன என்னை வீரம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

“தம்பி, இங்க வாங்க. இந்தப் புள்ளைக்கு காலு ரெண்டும் ஒட்டிக்கிட்டே கெடக்கு. துணி மாத்தறப்ப பிரிக்க முடியல.”

“குறைமாசப் புள்ளதானங்க, கொஞ்சம் லேட்டாகும்னு சொன்னாங்களே.”

“லேட்டாகுறது வேற தம்பி. மத்ததுங்க துணி மாத்தறப்ப ஒதைச்சு என் மூக்கப் பேத்துருதுங்க. இது ஒதைக்கவே மாட்டேங்குது. நானும் ஒதைடி, ஒதைடின்னு மூஞ்சியக் குடுத்துப் பாத்துட்டேன்.”

அன்று அட்டையை எடுத்து அந்த ஒன்றரை வரியை அகராதி கொண்டு படிக்கத் தொடங்கினேன். சாதாரண தரம் வரை படித்தவன் நான். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்தால் அந்தப் பொருளுக்குப் பொருள் பார்க்க வேண்டியிருந்தது. பதினேழு நாட்கள் எடுத்தன. தலவாக்கலையில் உள்ள ஒரு தொடர்பாடல் நிலையத்தில் கட்டுரைகளை அச்செடுத்துப் படித்தேன். விளங்கிக்கொண்டதை விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன்.

மூளையின் உட்பகுதியில் வெண்பொருள் என்று ஒன்று இருக்கிறது. லோஜினிக்கு அது பழுதுபட்டிருக்கிறது என்பதே அட்டையில் இருந்த ஒன்றரை வரி. கட்டளைகளைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் அதன் வழியாக ஓடுகின்றன. இழைகளுக்குக் கொழுப்பினாலான ஓர் உறை உண்டு. உறை இருந்தால்தான் கட்டளை விரைவாகவும் சிந்தாமலும் காலுக்குப் போய்ச் சேரும். உறை போர்த்துவதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. பிள்ளை முந்திப் பிறக்கும்போது அவை இன்னும் பயிலுநர் நிலையில்தான் இருக்கும். இரத்தமோ பிராணவாயுவோ குறைந்தால் சில மடிகின்றன. ஆச்சரியம் என்னவென்றால், பின்னர் புதியவை ஏராளமாக வருகின்றன; இழைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன; ஆனால் பலவும் முதிராமல் அந்நிலையிலேயே தங்கிவிடுகின்றன. வேலைக்கு வந்திருக்கின்றன, வேலை கொடுக்கப்படுவதில்லை. இதைப் படித்தபோது, மறு அறிவித்தல் வரை தற்காலிகமாக என்பது மூளைக்குள்ளும் நடைமுறையில் உள்ளது என்று அறிந்துகொண்டேன்.

அந்த உயிரணுக்களை முதிரச் செய்ய வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். மருந்தாலும், வேறு உயிரணுக்களைச் செலுத்தியும் எலிகளிடத்திலும் ஆட்டுக்குட்டிகளிடத்திலும் முன்னேற்றம் கண்டிருப்பதாக எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கென்று உறுதியான ஒரு மருந்து நான் படித்த அளவில் இன்னும் இல்லை. இருப்பது ஒன்றே: மூளை வளரும் முதல் ஆண்டுகளில், இருக்கும் வழிகளைக் கொண்டே கால்களைத் திரும்பத் திரும்ப வேலை செய்யப் பழக்குவது. ஆட்டுக்குட்டிக்கு ஆய்வுகூடம் கிடைத்தது. லோஜினிக்கு வீரம்மா கிடைத்தார்.

2023 மே 9ஆம் திகதி லோஜினியை, கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சிகிச்சை செய்யும் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். வினோதாவால் மலையை விட்டு வர முடியவில்லை. வீரம்மா அன்றைய நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். அங்கே இருந்தவர் கஜனி என்ற யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது வயது இருக்கும். குழந்தையின் துணியை விலக்கியவர், முழங்கால்களைச் சுற்றி இருந்த சிவந்த தடத்தைக் கண்டார்.

“ஆர் இந்தப் பிள்ளையின்ர காலைக் கட்டினது?”

எனக்கு அது புதிய செய்தி. வீரம்மா ஒரு கணமும் தயங்கவில்லை.

“நாந்தாம்மா. ரெண்டையும் சேத்து வச்சுக் கட்டுனா நேராயிரும்னு, ஒரு வாரமா.”

“அது நேராத்தானே கிடக்கு. பிரிக்க ஏலாமல் கிடக்கிறதுதான் வருத்தம். நீங்கள் இன்னும் சேர்த்துக் கட்டியிருக்கிறியள்.”

“அப்ப நான் செஞ்சது தப்புங்களா?”

“பிழை. இனிக் கட்டாதேங்கோ.”

“சரிம்மா. தப்புன்னு சொல்லிட்டீங்க, சரி எதுன்னு சொல்லுங்க. எனக்கு சாயங்காலம் பஸ்ஸு இருக்கு.”

வீரம்மாவுக்கு எதிரான உண்மை ஒன்று உண்டென்றால் அது இந்த ஒரு வாரம்தான். அதை நானே இங்கு பதிவுசெய்கிறேன். முகாமைத்துவத்தின் குற்றப்பத்திரிகையில் இது இல்லை. அவர் செய்த ஒரே தவறை அவர்கள் கண்டுபிடிக்கவேயில்லை.

கஜனி சொல்லிக்கொடுத்தார். “தொட்டிலுக்க கன நேரம் கிடத்தாதேங்கோ. முதுகு வளைஞ்சு காலெல்லாம் ஒண்டாச் சேர்ந்து போகும். நிலத்தில விடுங்கோ. ஒரு துணிச் சுருளைக் குதிரை மாதிரி நடுவில வைச்சு, ரெண்டு பக்கமும் கால் போட்டு இருத்துங்கோ. நூறு எண்ணுற மட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம்.”

“நூறு எண்ணிருவேங்க. எத்தன தடவ நூறு எண்ணுனேன்கிறதுதான் மறந்துரும். அங்க பன்னெண்டு புள்ளைங்க கத்துதுங்க.”

“அப்ப எழுதி வையுங்கோ.”

“எழுத்து வராதுங்க. கரிக்கோடு போட்டுக்கிறேன்.”

சுருளுக்கு வினோதா தனது பழைய படங்கைக் கொடுத்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு அது. வீரம்மா அதை இறுக்கிச் சுருட்டி இரு முனையிலும் கட்டினார். லோஜினி அதில் குதிரை ஏறினாள். ஒவ்வொரு முறைக்கும் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய் அந்த வாரத்துக் கோடுகளை எனது அப்பியாசக் கொப்பியில் பிரதி செய்துகொண்டேன். பத்து மாதங்களில் இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது கோடுகள். முதல் நாள் லோஜினியின் இடுப்பு விரிந்த அளவு முப்பது பாகை. 2024 பெப்ரவரியில் ஐம்பது. இரண்டையும் கஜனி கிளினிக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அந்த மாதம் லோஜினி வீரம்மாவின் மூக்கில் உதைத்தாள். வீரம்மா அதை லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

மார்ச் 12ஆம் திகதி வெள்ளைக்காரர் மூன்று பேர் வந்தார்கள். எமது தேயிலை மனிதாபிமானத்தோடு தயாரிக்கப்படுகிறதா என்று பார்த்து, வெளிநாட்டில் தேநீர் குடிப்பவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள். மனிதாபிமானத்துக்கு முதல்நாளே வெள்ளையடிக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு கோடுகளும் சுண்ணாம்புக்குள் போயின. பழைய சேலைத் தொட்டில்களைக் கழற்றிவிட்டு, ஒரே பச்சை நிறத் துணியில் பன்னிரண்டு தொட்டில்களைக் கட்டுவித்தார்கள். வந்தவர்களின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: தொட்டில்கள் எத்தனை, தொட்டிலில் இருக்கும் குழந்தைகள் எத்தனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் மனிதாபிமானம் நிரூபணமாகும்.

பன்னிரண்டு, பதினொன்று என்று வந்தது.

வந்தவர்களில் ஒருவர் படம் எடுத்தார். முன்னால் காலியான பச்சைத் தொட்டில். பின்னால் தரையில் சாக்குச் சுருளின் மேல் ஒரு குழந்தை. பக்கத்தில் புதுச்சுவரில் ஏழு கரிக்கோடுகள். அவர்களுடைய அறிக்கையில் “ஒரு குழந்தை தரையில் கைவிடப்பட்ட நிலையில்” என்று எழுதினார்கள். கைவிடப்பட்ட குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. கைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வீரம்மாவிடம் அன்று மாலை கேட்டேன். “வெள்ளக்காரங்க வர்றாங்கன்னு தெரியும்ல? ஒரு அரைமணி தொட்டில்ல போட்டிருக்கலாமேங்க.”

“பத்துக்கோடு ஆகலையே தம்பி. ஏழுதான் ஆச்சு. அவங்க இன்னிக்கி வந்துட்டு நாளைக்கிப் போயிருவாங்க. காலு போகுமா?”

குற்றப்பத்திரிகையில் இரண்டு குற்றங்கள். தொட்டில் வழங்கப்பட்டிருந்தும் குழந்தையைத் தரையில் விட்டமை; புதிதாக வெள்ளையடித்த சுவரைக் கரியால் அசுத்தப்படுத்தியமை.

ஏப்ரல் 18ஆம் திகதி தோட்டக் காரியாலயத்தில் விசாரணை. நடத்தியவர் நலன்புரி உத்தியோகத்தர் ஜெயகாந்தன். பக்கத்தில் ஓர் எழுதுவினைஞர். நான் குழந்தையின் தந்தை என்ற முறையில் சாட்சி. வீரம்மா வேலை இடைநிறுத்தத்தில் இருந்ததால் பிள்ளைக்காம்பராவில் கையாள் குறைவு. ஆகவே வினோதாவும் லோஜினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். விசாரணை அறிக்கையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி என்னிடம் உள்ளது. பேசப்பட்டதை என் குறிப்பிலிருந்து தருகிறேன்.

“தொட்டில் இருக்கப்ப புள்ளைய ஏன் தரையில போட்டீங்க?” என்றார் ஜெயகாந்தன்.

“போடலங்க. ஒக்கார வச்சேன்.”

“படத்துல தரைதான இருக்கு?”

“ஆமாங்க. தரை இல்லாம எதுமேலங்க ஒக்கார வைக்கிறது?”

எழுதுவினைஞர் எழுதினார்: “தரையைப் பயன்படுத்தியதை ஊழியர் ஒப்புக்கொண்டார்.”

“சுவத்துல கோடு போட்டது?”

“நாந்தான். எழுதி வைக்கலைன்னா செய்யவே இல்லம்பீங்க. எழுதி வச்சா செவத்தக் கெடுத்தேன்றீங்க. எந்தப் பக்கம் போறதுன்னு நீங்களே சொல்லுங்கய்யா.”

நான் எழுந்து எனது கொப்பியைச் சமர்ப்பித்தேன். அது பிரதி என்றும் மூலத்தைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். மூலம் உங்கள் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது என்றேன். கஜனி எழுதிய கிளினிக் கொப்பியைக் கொடுத்தேன். அதில் தோட்டத்தின் முத்திரை இல்லை என்று திருப்பித் தந்தார்.

“ஜீவராஜ், ஒங்க புள்ளைக்கு எத்தன மாசம்?”

“பிறந்து இருபது மாசம். வயித்துல இருக்க வேண்டிய நாளக் கழிச்சா பதினெட்டுக்கும் கொறவு. கிளினிக்ல அப்படித்தான் எண்ணுறாங்க.”

“வயசுல கழிவு குடுக்கிற பழக்கம் இங்க இல்ல. இருபது மாசப் புள்ள நடக்கணும். ஒங்க புள்ள நடக்கல. அப்ப இந்தம்மா பத்து மாசமா செஞ்சதுல காலு கெட்டுப்போச்சுன்னுதான அர்த்தம்?”

வினோதா குறுக்கிட்டார். “கெட்டதுக்கு அப்புறந்தாங்க இவங்க கையில குடுத்தோம்,” என்றார். “முன்னுக்குப் போறதப் பின்னுக்கு எழுதாதீங்க.”

எழுதுவினைஞர் இதை எழுதவில்லை.

பேச்சு இப்படி நடந்துகொண்டிருந்தபோது லோஜினி தாயின் மடியிலிருந்து வழுகி இறங்கித் தவழ்ந்து போயிருந்தாள். மேசையின் காலைப் பிடித்தாள். பிறகு விளிம்பைப் பிடித்தாள். குதிகால்கள் தரையில் முழுதாகப் பதியவில்லை, முழங்கால்கள் நடுங்கின. ஆனால் எழுந்துவிட்டாள். எவரும் தூக்கவில்லை. வீரம்மா மட்டும் இருந்த இடத்திலிருந்தே தாழ்ந்த குரலில் எண்ணினார்: ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒன்பதில் லோஜினி ஒரு கையை விட்டு, எதிரே இருந்த குற்றப்பத்திரிகையைப் பிடித்தாள். பதினொன்றில் குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து கீழே உட்கார்ந்தாள்.

“கரி இருக்காங்கய்யா?” என்று வீரம்மா உத்தியோகத்தரைக் கேட்டார்.

அறிக்கையின் நான்காம் பக்கத்தில் பின்வருமாறு உள்ளது: “மு.ப. 10.40க்கு மேற்படி குழந்தை மேசையைப் பற்றி எழுந்து நின்று ஆவணத்தை இழுத்தமையால் விசாரணை இரண்டு நிமிடம் தடைப்பட்டது.” என் மகள் முதன்முதலாகத் தானாக எழுந்து நின்றதற்கு உலகில் உள்ள ஒரே உத்தியோகபூர்வ ஆவணம் அதுதான். இடையூறு என்ற தலைப்பின் கீழ் இருந்தாலும் நேரம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. எழுதுவினைஞருக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 26ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதே அறிக்கையின் ஆறாம் பக்கம்: “குழந்தை எழுந்து நிற்கும் ஆற்றல் அற்றதாகக் காணப்படுவதால், ஊழியரின் தகுதியற்ற பயிற்சி தீங்கு விளைவித்ததென முடிவு செய்யப்படுகிறது.” வீரம்மா பிள்ளைக்காம்பராவிலிருந்து நீக்கப்பட்டுப் புல்வெட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார். கூடை தூக்க இயலாத தோள் என்று 2013இல் அவர்களே எழுதிய தோள் அது.

இப்போது பிள்ளைக்காம்பராவில் புதியவர் ஒருவர் இருக்கிறார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. பன்னிரண்டு தொட்டில்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்ற பணிப்புரை எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவர் நிரப்புகிறார். லோஜினி பச்சைத் துணிக்குள் வளைந்து கிடக்கிறாள். மாலையில் வினோதா களைத்துப்போய் மூன்று முறை இருத்துவார். நான் இரண்டு முறை. புல்வெட்டிவிட்டு வீடு திரும்பும் வழியில் வீரம்மா எங்கள் லயத்துக்கு வருகிறார். வலது கை தூக்க வராது. இடது கையால் லோஜினியைப் பிடித்துக்கொண்டு, “ஒதைடி” என்கிறார். எங்கள் வீட்டுச் சுவரில் நாளொன்றுக்குப் பத்துக் கோடுகள் விழுவது அபூர்வம். மே 14ஆம் திகதி கஜனி அளந்தார். ஐம்பது பாகை நாற்பதாகியிருந்தது. எழுதுவதற்கு முன் “அந்த அம்மா எங்க?” என்று கேட்டார். பிறகு எழுதினார்.

நான் மருந்து கேட்கவில்லை. மூளையின் வெண்பொருளைச் சீர்செய்யும்படி தோட்ட முகாமைத்துவத்திடம் கேட்கும் அளவுக்கு நான் அறியாதவன் அல்லன். நான் கேட்பது ஒரு பெண்மணியையும், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஒரு தொட்டில் காலியாக இருப்பதற்கான அனுமதியையும் மட்டுமே.

ஆகவே முகாமைத்துவத்திடம் பின்வருவனவற்றுக்கு விளக்கம் கோருகிறேன். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் 10.40க்கு எழுந்து நின்ற குழந்தை, ஆறாம் பக்கத்தில் நிற்கும் ஆற்றல் அற்றதாக ஆனது எவ்வாறு? இரண்டு பக்கங்களிலும் கையொப்பமிட்டவர் ஒருவரா, இருவரா? வீரம்மா எந்தத் திகதியில் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்ப அழைக்கப்படுவார்?

அடுத்த கிளினிக் ஜூன் 11ஆம் திகதி. பதில் ஜூன் 4ஆம் திகதிக்கு முன்னர், பொறுப்பானவரின் பெயரும் கையொப்பமும் திகதியும் இடப்பட்டு, எழுத்தில் கிடைக்க வேண்டும். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது. என் மகளைப் பற்றி எனக்கு முன்பு ஒருமுறை வாய்மொழியாகப் பதில் சொல்லப்பட்டிருக்கிறது.

ஜீவராஜ்
2024 மே 21